அளவுக்குக் கொடுத்த ரவிக்கை

என் மகள் மிளகாய்த் தட்டைத் தொட மாட்டேன் என்று சொன்ன அன்றுதான் அந்தத் தையல்காரி மேல் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. எழுத்தே எனக்குப் பாதி வயதில் வந்ததுதான். கூட்டிக் கூட்டி, நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன். ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. தேக்கா மார்க்கெட்டில் மசாலா அரைத்து விற்பது என் தொழில். பெரிய அம்மியை மேசை மேல் ஏற்றி வைத்து நின்றபடியே அரைப்பேன். மிளகாய், மஞ்சள், மல்லி, சீரகம், இஞ்சி, பூண்டு எல்லாவற்றையும் ஈரமாகத் தனித்தனியே அரைத்துத் தட்டுத் தட்டாகக் குவித்து வைத்திருப்பேன். வருகிறவர்களிடம் என்ன கறி, எத்தனை பேர் என்று மட்டும் கேட்பேன். பிறகு ஒவ்வொரு குவியலிலிருந்தும் விரலால் வழித்து, வாழையிலையில் வைத்து மடித்துக் கொடுப்பேன். மலாய்க்காரப் பெண்கள் வருவார்கள், மலாய்ச் சமையல் பழகிய சீனர்களான நோன்யா வீட்டு அம்மாக்கள் வருவார்கள், நம்மவர்களும் வருவார்கள். என் மசாலாவில் குழம்பு வைத்துவிட்டு ருசி இல்லை என்று ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை. பெருமைக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மகளுக்குப் பள்ளிக்கூடம் மத்தியானம். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. காலை முழுக்க என் பக்கத்தில் நிற்பாள். தட்டு காலியானால் நிரப்புவாள், இலை துடைப்பாள், காம்பு கிள்ளுவாள். "இது யாரு, உங்க தங்கச்சியா?" என்று வாடிக்கைக்காரிகள் என்னைச் சிரிக்க வைப்பதற்காகக் கேட்பார்கள். அப்படி ஒரு காலையில்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மிளகாத் தட்டை நீயே எடும்மா. நான் தொட மாட்டேன்."

"ஏண்டி, கை வலிக்குதா?"

"துணியில கறை ஏறிடும்னு அக்கா சொன்னாங்க."

"எந்த அக்கா?"

"தையல் அக்கா."

அப்போதுதான் விஷயம் முழுதாக வெளியே வந்தது. அவர்கள் வகுப்புக்குப் புதிதாக ஓர் இளம் வாத்தியார் வந்திருந்தார். பாடப் புத்தகத்தில் தொழில்கள் என்று ஒரு பாடம். உழவர், குயவர், நெசவாளர் என்று படம் போட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் குயவரை யார் கண்டது? அவர் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, மூன்று மூன்று பேராகப் போய் யாரிடமாவது ஒரு வேலையைக் கையால் கற்றுக்கொண்டு வாருங்கள் என்றாராம். பார்த்து எழுதி வந்தால் போதாது, ஒரு பொருளைச் செய்துகொண்டு வர வேண்டும். அந்தப் பொருள் நிஜமாகவே ஒருவருக்குத் தேவைப்பட வேண்டும். கடைசி நாளில் அந்த ஆள் வகுப்புக்கு வந்து எல்லோர் முன்னாலும் அதைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும்.

"சொந்த வீட்டு வேலை மட்டும் கூடாதாம்மா."

"ஏனாம்? சொந்த வீட்டு வேலை என்ன கேவலமா?"

"தெரிஞ்ச வேலைன்னு நெனச்சு கேள்வியே கேக்க மாட்டோமாம். சார் சொன்னாரு."

சார் சொல்வார். பெற்றவள் அல்லவா காலையில் தட்டுகளை நிரப்ப ஆள் இல்லாமல் நிற்க வேண்டும்!

சரி, அவள்தான் என்னிடம் படிக்கக் கூடாது, மற்ற பிள்ளைகள் வரலாமே என்று நினைத்தேன். வருவார்கள் என்று நிச்சயமாகவே இருந்தேன். ஒரு பழைய முக்காலியைக் கழுவி அம்மிக்குப் பக்கத்தில் போட்டு வைத்தேன். பூக்கட்டுகிறவரிடம் மூன்று பிள்ளைகள் போனார்கள். தச்சரிடம் மூன்று பேர். சைக்கிள் கடைக்குக்கூட மூன்று பேர். என்னிடம் ஒருத்தியும் வரவில்லை.

"ஏண்டி, எங்கிட்ட ஏன் யாரும் வரலை?"

"கை எரியும்னு பயமாம்மா."

முக்காலியை எடுத்து உள்ளே போட்டுவிட்டேன்.

இப்போது நான் உட்லண்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். பேத்தியும் ஏதேதோ 'புராஜக்ட்' என்று கொண்டு வருகிறாள். அட்டை, பசை, மினுக்குத் தாள் எல்லாவற்றையும் அப்பாவும் அம்மாவும் கடையில் வாங்கி, அவர்களே உட்கார்ந்து ஒட்டுகிறார்கள். எரிமலை ஒன்று செய்தார்கள். "இது யாருக்கும்மா?" என்று கேட்டேன். "டீச்சருக்கு, பாட்டி" என்றாள். டீச்சருக்கு எரிமலை எதற்கு? மதிப்பெண் வந்த பிறகு அது குப்பைக் குழாயில் போயிற்று. அன்றைக்கு அந்த வாத்தியார் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், யாருக்கு என்று அவர் கேட்க வைத்தாரே, அது சரி என்று இப்போது படுகிறது. இப்போதுதான் படுகிறது. அப்போது படவில்லை.

தையல்காரியைப் பற்றிச் சொல்கிறேன். டன்லப் தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தாள். என்னைவிட இளையவள். புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை, பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போவாள். வெள்ளை வாயில் சேலை கட்டினால் சாயங்காலம் வரை அது வெள்ளையாகவே இருக்கும். என் சேலையைப் பார்த்தால் அன்றைக்கு எத்தனை பேர் மீன் குழம்பு வைத்தார்கள் என்று சொல்லிவிடலாம். அவள் குரல் ஏறவே ஏறாது. அதுவும் எனக்குப் பிடிக்காது.

மகளும் இன்னும் இரண்டு பெண்களும் காலை வேளைகளில் அங்கே போனார்கள். என்னிடம் நின்ற நேரம் முழுக்க அவளிடம் போயிற்று. திரும்பி வந்தால் சோற்றில் கை வைத்தபடியே "அக்கா சொன்னாங்க" என்று ஆரம்பிப்பாள். ஊசியை எப்படிப் பிடிப்பது, துணியின் நேர் எது, குறுக்கு எது, இஸ்திரி போடாமல் ஏன் வெட்டக் கூடாது. என்னிடம் அத்தனை வருஷம் நின்றவள் மல்லியை ஏன் ஊற வைக்கிறோம் என்று ஒரு தடவையாவது கேட்டிருப்பாளா? போதாததற்கு, தையலுக்குப் போகுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். கழுவிவிட்டு முகர்ந்து பார்ப்பாள். மறுபடி கழுவுவாள். அவள் முகர்ந்து பார்த்துக் கழுவிவிட்டது என் வாசனையை.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "தையல்தானே கத்துக்குறா. அவ என்ன உன் பொண்ணைத் தூக்கிட்டா போயிட்டா?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது லா. பேசாம சாப்பிடுங்க."

"குழம்புல உறைப்பு கூடிப்போச்சு."

"கூடட்டும்."

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கடையைப் பக்கத்துக் கீரைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு மசாலாப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு டன்லப் தெருவுக்குப் போனேன். கொடுக்க வந்ததுபோல் இருக்கட்டும் என்று. மாடிப்படி ஏறிக் கதவோரம் நின்றேன். மிஷினுக்கு முன்னால் என் மகள். பின்னால் அவள் குனிந்து, என் மகளின் கைமேல் தன் கையை வைத்துத் துணியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் ஒரே கைபோல நகர்ந்தன.

"அக்கா, கழுத்துப் பட்டியை மட்டும் ஏன் குறுக்கா வெட்டணும்?" என்று மகள் கேட்டாள்.

"நேரா வெட்டித் தச்சுப் பாரேன்."

"கெட்டுப்போகாதா?"

"போகட்டுமே. துண்டுத் துணிதானே."

மகள் நேராக வெட்டினாள், வளைத்துத் தைத்தாள். கழுத்து சுருங்கிச் சுருங்கி நின்றது. மூன்று பெண்களும் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள், சண்டை போட்டார்கள், பிறகு என் மகள் "ஓ!" என்றாள். அந்த ஓ இன்னும் என் காதில் இருக்கிறது. தையல்காரி பதிலே சொல்லவில்லை. பிள்ளைகள் துணியைக் கெடுக்கட்டும் என்று சும்மா கைகட்டி உட்கார்ந்திருந்தாள். நானாக இருந்தால் மஞ்சளைச் சிந்தினாலே புறங்கையில் ஒன்று வைத்திருப்பேன். அங்கே என் மகள் கெடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பொட்டலத்தைக் கொடுக்காமலேயே இறங்கி வந்துவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் அந்த மசாலாவில்தான் குழம்பு.

சில நாள் கழித்து மகள் என்னிடம் வந்தாள். "அம்மா, உன் ரவிக்கை ஒண்ணு குடு. அளவுக்கு."

நம் பெண்கள் வழக்கம் தெரியுமே. தையல்காரியிடம் போய் நின்று உடம்பை அளக்கக் கொடுப்பது கிடையாது. பொருத்தமாக இருக்கிற பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்து, இதே அளவில் தைத்துக் கொடு என்போம். அதுதான் அளவு ரவிக்கை.

"யாருக்குத் தைக்கிறீங்க?"

"அது... பழகறதுக்குத்தான்."

அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். எனக்குப் புரிந்துவிட்டது. இல்லை, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தத் தையல்காரிக்கு ரவிக்கை தைத்து, கடைசி நாளில் அவளைப் போட்டு நிற்க வைக்கப் போகிறார்கள். அதற்கு என் ரவிக்கையை வைத்துப் பழகுவது! அவள் ஒல்லி, நான் அப்படி இல்லை என்பதுகூட அப்போது என் மண்டையில் ஏறவில்லை. எரிகிறபோது என்ன யோசனை வரும்?

பெட்டியைத் திறந்தேன். தினமும் போடுகிற ரவிக்கைகள் எல்லாம் நைந்தவை. அக்குளில் ஒட்டு, முன்பக்கம் மஞ்சள் கறை, ஒன்றில் கொக்கிக்குப் பதில் ஊக்கு. அதை அவள் கையில் எடுத்து, தன் வெள்ளைச் சேலை மடியில் போட்டுப் பிரித்துப் பார்ப்பாளா? பார்த்துவிட்டு அந்த ஏறாத குரலில் ஏதாவது நல்லதாகச் சொல்வாளா? நடக்காது. பெட்டியின் அடியில் என் கல்யாண ரவிக்கை இருந்தது. அரக்குப் பட்டு, கையில் சரிகைக் கரை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பொங்கலுக்குப் போட்டதோடு சரி. அதை உதறி, மடித்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

"இவ்வளவு நல்லதா இருக்கேம்மா!"

"எங்கிட்ட இதுதான் சாதாரணம்னு உங்க அக்காகிட்டச் சொல்லு."

கடைசி நாள் வந்தது. கடையை அரை நாள் மூடினேன். என் வீட்டுக்காரரும் வந்தார். வகுப்பில் மேசைகளைச் சுவரோரம் தள்ளி, பெற்றோருக்குப் பெஞ்சு போட்டிருந்தார்கள். பிள்ளைகள் உட்காருகிற குட்டைப் பெஞ்சு, முழங்கால் தாடையில் இடித்தது. தையல்காரி ஓரத்தில், கையில் ஒரு குடையோடு, சுத்தமாக உட்கார்ந்திருந்தாள்.

தச்சரிடம் போன பிள்ளைகள் பள்ளிக் காவல்காரருக்கு ஒரு முக்காலி செய்திருந்தார்கள். அவர் வந்து உட்கார்ந்தார், அது ஆடியது, ஒரு காலை நெம்பிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு என் மகள் எழுந்தாள். இலைப் பச்சையில் ஒரு பாப்ளின் ரவிக்கையைத் தூக்கிப் பிடித்தாள். கழுத்து வளைவு அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. கெட்டுப்போன அந்தத் துண்டு ஞாபகம் வந்தது.

"இதை நாங்க மூணு பேரும் தச்சோம். கழுத்து அவ, உடம்பு இவ, கை நான். இது எங்கம்மாவுக்கு."

நான் தையல்காரியைத்தான் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதலிலேயே தெரியும். ஊருக்கெல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியாது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு அதுதான் முதலில் குத்தியது.

கரும்பலகைக்குப் பின்னால் ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். மகள் என்னை அங்கே கூட்டிப் போனாள். நான் பச்சை ரவிக்கையில் கையை நுழைத்தேன். முழங்கைக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது. இழுத்தேன். மகளும் இழுத்தாள். அசையவில்லை.

"அம்மா, நீ அளவுக்குக் குடுத்தது உன் ரவிக்கைதானே?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

"பின்ன யாருதாம்?"

"எப்போ தச்சது?"

"கல்யாணத்துக்கு."

"கல்யாணத்துக்கா!"

ரகசியம் போச்சு. திரைக்கு அந்தப் பக்கம் வகுப்பு முழுக்கச் சிரித்தது. என் வீட்டுக்காரரின் சிரிப்புத் தனியாகக் கேட்டது. மகள் சிரிக்கவில்லை. இத்தனை நாள் கை கழுவிக் கழுவித் தைத்தது, எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்ட வேண்டியது. உதட்டை மடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷத்தில் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழுதால் ஓடிப்போய் யார் மடியில் அழுவாள் என்றும் நினைத்தேன்.

போட்டு வந்த ரவிக்கையையே மறுபடி போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தலையை நிமிர்த்தித்தான் வந்தேன்.

"என்ன ஆச்சு?" என்றார் வாத்தியார்.

"கை ஏறலை சார்."

தையல்காரி எழுந்து வந்துவிட்டாள். "குடும்மா, கைப் பக்கத்துத் தையலைப் பிரிச்சு நான் இப்பவே பார்க்குறேன்" என்று ரவிக்கையைப் பிடித்தாள்.

என் மகள் அவள் கையை மெல்ல விலக்கினாள். "வேணாங்க்கா. நான் பார்த்துக்கறேன்."

அதட்டலாகச் சொல்லவில்லை. ஈயை ஓட்டுவதுபோல, வேலை நினைப்பில் விலக்கினாள். கழுத்தில் போட்டிருந்த அளவு நாடாவை எடுத்தாள். "அம்மா, கையை நீட்டு." நீட்டினேன். மேல்கையைச் சுற்றி நாடாவைப் பிடித்தாள். பெற்ற நாளிலிருந்து நான்தான் அவளைப் பிடித்திருக்கிறேன், குளிப்பாட்டியிருக்கிறேன். அவள் என்னைப் பிடித்து இப்படி உற்றுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கையை இறுக்காதம்மா. தளர்த்து."

"தளர்த்தித்தான் வச்சிருக்கேன்."

நம்பாமல் விரலால் அழுத்திப் பார்த்தாள். அவள் கூட்டாளிப் பெண் ஒருத்தியும் வந்து அழுத்தினாள். "அய்யோ, கல்லு மாதிரி இருக்கு!" என்றாள். வரிசையாக நான்கைந்து பெண்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. கல்யாணத்தில் குச்சிபோல் இருந்த கை. தேக்காவில் அம்மி இழுத்து இழுத்து ஆன கை. யாருக்கு வரும் அது?

"ரெண்டு கையும் ஒரே அளவு இல்லையே, ஏன்?" என்று மகள் கேட்டாள்.

என் தொழிலைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"இழுக்கறதுக்கு ரெண்டு கையும் வேணும். வழிச்சு வாரி எடுக்கறது வலது கை மட்டும். அது கூடுதலா உழைக்குது."

"அப்போ வலது கைக்குத் தனி அளவு போடணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

வாத்தியார் கேட்டார். "எங்க தப்பு நடந்துச்சுன்னு சொல்லு பார்ப்போம்." என்னைக் கைகாட்டுவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் காட்டவில்லை. "நான் ரவிக்கையை அளந்தேன் சார். அம்மாவை அளக்கலை" என்றாள்.

"அப்போ வேலை இன்னும் முடியலை. அடுத்த வாரம் முடிச்சுக் கொண்டு வாங்க" என்றார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. அடுத்த பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டார்.

நைந்ததையே கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று என் வீட்டுக்காரர் வெளியே வந்ததும் சொன்னார். கொடுத்திருக்க மாட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் பட்டைத்தான் எடுத்துக் கொடுப்பேன். அவர் முனகிக்கொண்டே வேலைக்குப் போனார்.

வாசலில் வெயில் வெள்ளையாக இருந்தது. தையல்காரி குடையை விரித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போய் நின்றாள்.

"பார்த்தீங்களா அக்கா, உங்க பொண்ணு என் கையைத் தட்டி விட்டுட்டா."

"பார்த்தேன்."

"நேத்துவரைக்கும் ஊசியில நூல் கோக்கறதுன்னாக்கூட என் முகத்தைப் பார்த்துட்டுத்தான் கோப்பா."

அந்த ஏறாத குரல் கொஞ்சம் ஆடியது. எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று எழுதினால் பாவம் வரும். எழுதிவிட்டேன்.

"என்னம்மா, வயிறு எரியுதா?"

அவள் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். "எரியுதுக்கா."

"எரியட்டும். எனக்கு இந்த ரெண்டு மாசமா எரிஞ்சுது."

"எனக்குத் தெரியும். மசாலாப் பொட்டலத்தோட மாடிப்படியில நின்னீங்களே, மஞ்ச வாசனை உள்ள வரைக்கும் வந்துச்சு."

அதற்குள் பின்னால் சத்தம் கேட்டது. இருவரும் ஒன்றாகத் திரும்பினோம். என் மகளும் அந்த இரண்டு பெண்களும் வந்துகொண்டிருந்தார்கள். மகள் கையில் பச்சை ரவிக்கை உள்புறம் வெளியாகத் திரும்பிக் கிடந்தது. மூன்று தலையும் அதற்குள்தான்.

"பிரிச்சு விட்டாப் போதும்."

"போதாது, அக்குளுக்குக் கீழ ஒரு துண்டு வச்சுத் தைக்கணும்."

"துண்டுக்குப் பச்சைத் துணி எங்க இருக்கு?"

"வலது பக்கம் பெரிய துண்டு, இடது பக்கம் சின்னது. நான் அளந்து வச்சிருக்கேன் லா, சும்மா இரு!"

நான் முகத்தைச் சரிசெய்துகொண்டேன். தையல்காரியும் சரிசெய்துகொண்டாள். மகள் யாரிடம் வந்து நிற்பாள் என்று இரண்டு பேருக்கும் தெரிய வேண்டியிருந்தது. அவள் எங்களுக்கு நடுவில் புகுந்து, எங்கள் இருவரையும் தெருக்கம்பமாக நினைத்து ஒதுங்கி, பேசிக்கொண்டே போய்விட்டாள். ஒரு பார்வைகூட இல்லை. அந்தப் பச்சைத் துணி மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

அவர்கள் தெருமுனையில் திரும்பி மறையும் வரை நின்று பார்த்தோம்.

"குடைக்குள்ள வாங்கக்கா" என்றாள் தையல்காரி. "வெயிலு மண்டையைப் பொளக்குது."

அவள் குடை சின்னது. தோள் இடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது.